மோயாவின் கப்டன் யார்?

ஒரு கப்பல். அதில் இருப்பவர்கள் எல்லாரும் சிறையிலிருந்து தப்பி வந்தவர்கள். ஆளுக்கொரு இனம், ஆளுக்கொரு ஊர். ஒருவரை ஒருவர் நம்ப அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. பின்னால் ஒரு படை துரத்துகிறது. முன்னால், ஊருக்குப் போகும் வழி தெரியாத இருட்டு. இப்படியான கப்பலுக்குக் கப்டனாக யார் இருக்க வேண்டும்?

சிட்னியின் டூங்கபியில் எங்கள் வட்டத்தில் இது வருடக்கணக்காகத் தீராத வழக்கு. கப்பலின் பெயர் மோயா. தொடரின் பெயர் 'ஃபார்ஸ்கேப்'. 1999 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, நான்கு பருவங்களும் 88 அத்தியாயங்களுமாக ஓடி, 2003இல் நின்றுபோன விஞ்ஞானப் புனைகதைத் தொடர். கதை நடப்பது அண்டத்தின் மறுகோடியில். படம் பிடித்தது சிட்னியில், மூர் பார்க்கிலுள்ள ஃபொக்ஸ் ஸ்டூடியோவிலும் பிறகு ஹோம்புஷ் குடாப் பக்கத்திலும். சிட்னிக்கு வந்த எங்கள் சனத்தில் பலர் முதன்முதலில் வாடகைக்கு வீடெடுத்துக் குடியிருந்தது அதே ஹோம்புஷ் சுற்றுவட்டாரத்தில்தான். நாங்கள் விசாவுக்கும் வேலைக்கும் அலைந்துகொண்டிருந்த அதே வருடங்களில், நாலு தெரு தள்ளி, ஊர் திரும்ப வழியில்லாத ஒரு கூட்டத்தின் கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு அது டிவிடியாகக் கைக்குக் கை மாறி எங்கள் வீடுகளுக்கு வந்தபோது, வேற்றுக்கிரகக் கதை என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

மோயா இரும்பால் செய்த கப்பல் இல்லை, உயிருள்ளவள். லெவயதன் என்ற இனத்தைச் சேர்ந்த பெரும் விலங்கு. அவளுக்கு வலிக்கும், பயம் வரும், வயிற்றில் பிள்ளை உண்டாகும். அமைதி காக்கும் படை என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒரு படை அவளைப் பிடித்து, கட்டுப்பாட்டுப் பட்டி மாட்டி, கைதிகளை ஏற்றி இறக்கும் வாகனமாக்கி வைத்திருந்தது. அவளோடு உடலாலேயே பிணைந்து கிடக்கிறான் பைலட். ஓடு மூடிய பெரிய தலை, நான்கு நீண்ட கைகள். தன் அறையை விட்டு எழுந்து வர அவனால் முடியாது. கப்பலின் வலியை மற்றவர்களுக்குச் சொல்வதும், மற்றவர்களின் விருப்பத்தைக் கப்பலுக்குச் சொல்வதும் அவன்தான். ஜிம் ஹென்சன் நிறுவனத்தின் பட்டறையில் செய்த பொம்மை அது. ஒவ்வொரு காட்சிக்கும் பலர் சேர்ந்து இயக்கினார்கள். ஆனால் அந்தக் கண்கள் தாழும்போது பொம்மை என்ற நினைப்பு போய்விடும்.

இனி, எங்கள் வேட்பாளர்கள்.

இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெடியன் ஒருவனுக்குப் பூமிக்காரனான ஜோன் கிரைட்டன்தான் தலைவன். சோதனைப் பறப்பில் புழுத்துளை ஒன்றுக்குள் இழுபட்டு, தெரியாத ஓர் உலகத்தில் வந்து விழுந்த விஞ்ஞானி அவன். வந்த இடத்தில் ஒன்றும் விளங்கவில்லை. கதவைத் திறக்கக்கூடத் தெரியாதவன் என்று எல்லாரும் இளக்காரமாகப் பார்த்தார்கள். போகப்போக, பெரும் வல்லரசுகள் இரண்டு, அவன் தலைக்குள் இருக்கும் அறிவுக்காகச் சண்டை பிடிக்கும் நிலைமை வந்தது. "அவன் ஒருத்தரையும் அடக்கேல்ல, அங்கிள். எல்லாரையும் சேத்து யோசிக்க வைக்கிறான்" என்பான் பெடியன்.

ஊரில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு டார்கோ. லக்சன் இனத்துப் போராளி. மனைவியைக் கொன்றான் என்ற பொய்ப்பழியில் சிறையில் கிடந்தவன். எங்கோ இருக்கும் மகனை நினைத்தே உயிர் வைத்திருப்பவன். "தம்பி, ஆளாளுக்கு யோசிச்சுக்கொண்டு நிண்டால் கப்பல் எங்க போகும்? ஒருத்தன் சொல்லவேணும், மற்றவை கேக்கவேணும். களத்தில நிண்டவனுக்குத்தான் அந்த உரிமை" என்பார் சேர்.

கோயிலுக்கு நாள் தவறாத ஒருவர் ஸானைச் சொல்வார். நீலத் தோல் கொண்ட துறவி; ஆனால் அவள் கையிலும் ஒரு கொலை உண்டு. தன் இருட்டைத் தானே அறிந்தவள்தான் மற்றவர்களை வழிநடத்தலாம் என்பது அவர் வாதம். ரைகலைக் கப்டனாக்கு என்று யாரும் சொன்னதில்லை. அறுபதாயிரம் கோடிக் குடிகளை ஆண்டு, சொந்தக்காரனால் பதவி பறிக்கப்பட்ட குட்டி அரசன் அவன். பேரம் பேச அவனை அனுப்பலாம், திறப்பை மட்டும் கையில் கொடுக்கக்கூடாது என்பதில் எல்லாரும் ஒன்று.

மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அக்கா ஒருவருக்கு ஏரின் சன். துரத்தும் படையின் கப்பலிலேயே பிறந்து, படையே தாய் தகப்பனாக வளர்ந்த விமானி. கிரைட்டனோடு கொஞ்ச நேரம் இருந்த ஒரே குற்றத்துக்காக, மாசுபட்டவள் என்று தன் படையாலேயே விலக்கப்பட்டவள். "கட்டளைக்குக் கீழ்ப்படிஞ்சும் பழகினவள், கட்டளையை மறுக்கவும் பிறகு படிச்சவள். ரெண்டும் தெரிஞ்சவளிட்டத்தான் கட்டளை போடுற வேலையைக் குடுக்கலாம்" என்பார் அக்கா. எங்கள் வாதங்களிலேயே ஆழமானது இது என்று நான் நினைப்பதுண்டு.

'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களுக்கும் இப்படியொரு வழக்கு உண்டு: கர்க்கா, பிக்கார்டா? துணிச்சல் பெரிதா, நிதானம் பெரிதா? அந்த வழக்கில் ஒன்று முதலிலேயே தீர்ந்துவிட்டது. எண்டர்பிரைஸ் கப்பலின் நடுவில் ஓர் ஆசனம் இருக்கிறது. அதில் ஒருவர் அமர்வார். அவர் சொன்னால் கப்பல் போகும். எவர் அமர்ந்தால் நல்லது என்பது மட்டுமே மிச்சக் கேள்வி. ஃபார்ஸ்கேப் எழுப்பும் கேள்வி வேறு. மோயாவில் அதிகாரம் என்பது யாரும் யாருக்கும் கொடுக்காத ஒன்று. மூன்று பருவம் வரைக்கும் கப்டன் என்று ஒருவரும் இல்லை. ஆபத்துக்கு ஆபத்து ஒருவர் முன்னுக்கு வருவார், ஆபத்து நீங்கியதும் பின்னுக்குப் போவார். திட்டங்கள் பாதியில் குழம்பும். இருந்தும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

2002இல் வந்த நான்காம் பருவத்தில் ஒருவழியாக வாக்கெடுப்பு வைத்தார்கள். டார்கோ கப்டன் ஆனான். சேருக்கு அன்று பெரிய சந்தோஷம். ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. தேர்தலில் வென்றவன் சரியான ஆள்தானா என்பதற்குத் தேர்தல் விடை சொல்வதில்லை என்பது எங்களுக்கு, எங்கள் சங்கங்களின் பொதுக்கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, நன்றாகவே தெரியும்.

ஒருநாள் பேச்சு இப்படிச் சூடேறிக்கொண்டிருந்தபோது தாதி அக்கா சொன்னார்: "வோர்ட்டில டொக்டர்மார் கட்டிலைச் சுத்தி நிண்டு கதைப்பினம். கட்டில்ல கிடக்கிற மனுசனைக் கேக்க மறந்துபோடுவினம். நாங்களும் அப்பிடித்தான் கதைக்கிறம். இவ்வளவு காலத்தில ஒருத்தராவது பைலட்டின்ர பேரைச் சொன்னனாங்களா? மோயாவுக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டனாங்களா?"

அவர் நினைவூட்டியது முதற்பருவத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தை. பார்த்தவர்கள் யாராலும் அதை மறக்க முடியாது.

நம்தார் என்றொரு விஞ்ஞானி. அண்டத்தின் ஏராளமான ஊர்களுக்கு வழிகாட்டும் வரைபடங்கள் அவனிடம் இருக்கின்றன. கைதிகளின் ஊர்களுக்கும் வழி உண்டு. ஆனால் விலை கேட்கிறான்: பைலட்டின் கைகளில் ஒன்று. டார்கோவும் ஸானும் ரைகலும் கூடிப் பேசுகிறார்கள். பேச்சு நீளவில்லை. பைலட்டின் அறைக்குப் போகிறார்கள். எழுந்து ஓட முடியாதவன், கப்பலோடு பிணைந்து கிடப்பவன், வேண்டாம் என்று கெஞ்சுகிறான். துறவி பிடித்துக்கொள்ள, போராளி வெட்டுகிறான்.

அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. இந்தத் தொடரை நான் மதிப்பது இதனால்தான். பொய்ப்பழியில் சிறைப்பட்டவனும், தன் இருட்டோடு ஓயாமல் போராடுபவளும், அரசு பறிபோனவனுமான அவர்களை அதுவரை எட்டு அத்தியாயமாக நாங்கள் விரும்பி வந்திருக்கிறோம். அவர்களுடைய ஏக்கம் உண்மை. அவர்களுக்கு நடந்த அநியாயம் உண்மை. ஊருக்குப் போகவேண்டும் என்பதை விட நியாயமான ஆசை உலகத்தில் எது? அந்த ஆசை கையில் இருந்ததால்தான் அவர்களுக்குக் கை நடுங்கவில்லை.

கொடுத்த விலைக்கு வழி கிடைத்ததா? வெட்டிய கையைக் கொண்டுபோய்க் கொடுத்தபிறகு, முதலில் யாருடைய ஊருக்குப் போவது என்று மூவரும் தங்களுக்குள்ளேயே அடிபட்டார்கள். ஒருவனைச் சேர்ந்து காயப்படுத்தியவர்களுக்கு அதற்குப் பிறகு ஒருவரையொருவர் நம்பும் வழி அடைபட்டுப்போனது.

பைலட் கோபப்படவில்லை. கிரைட்டன் அவனுக்காகக் கொதிக்கிறான். பைலட்டோ, மோயாவோடு இணைந்த நாளிலேயே தன் உயிரைப் பிறருக்குச் சேவை செய்ய ஒப்புக்கொடுத்துவிட்டதாகவும், அதற்குப் பதிலாக நட்சத்திரங்களுக்கிடையே பயணம் கிடைத்ததாகவும் அமைதியாகச் சொல்கிறான். வெட்டிய இடத்தில் கை மெல்ல முளைத்து வரும் என்பது அவன் இனத்தின் இயல்பு. அந்தப் பொறுமையைப் புகழ்ந்து பேச எங்களில் சிலருக்கு விருப்பம். எனக்கு அது பயத்தைத் தந்தது. சுமப்பவர்களின் பொறுமைதான் வெட்டுபவர்களுக்கு மிகவும் வசதியானது. அம்மாவுக்குக் களைக்காது, சனம் தாங்கும், அடுத்த தலைமுறை புரிந்துகொள்ளும் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் கை முளைத்துவிடும் என்ற அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

அடுத்த அத்தியாயம் இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. மோயா கருவுற்றிருக்கிறாள், யாருக்கும் தெரியாது. கப்பலில் இருப்பவர்களால் பிள்ளைக்கு ஆபத்து என்று அவளுக்குத் தோன்ற, அவர்களுக்குப் போகும் காற்றையும் சூட்டையும் குறைக்கத் தொடங்குகிறாள். உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. அவளைச் சரிக்கட்ட எந்தத் தந்திரமும் உதவவில்லை. கடைசியில் அவளோடு பேசி, பிள்ளைக்குத் தீங்கு செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே மூச்சு வந்தது. முதற்தடவையாக, ஏறி வந்தவர்கள் ஏற்றி வந்தவளிடம் பேசினார்கள். எண்ணிப் பார்த்தால், வாக்கெடுப்புக்கு நீண்ட காலம் முன்பே அந்தக் கப்பலில் ஆட்சி என்று ஒன்று பிறந்தது அந்தக் கணத்தில்தான்.

சுமப்பவர்களைப் புனிதர்களாக்கவும் இந்தத் தொடர் விடவில்லை. இரண்டாம் பருவத்தில் ஒரு பழைய ஒளிப்பதிவு கிடைக்கிறது. மோயாவுக்கு முன்பு வேறொரு பைலட் இருந்தாள். படைவீரர்கள் அவளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வீரர்களின் வரிசையில் ஏரினும் நின்றாள். இன்றைய பைலட் ஏரினை வெறுத்து ஒதுக்குகிறான். பிறகு அவன் வாயாலேயே மற்ற உண்மை வருகிறது. அவன் இன்னும் பக்குவப்படவில்லை என்று அவன் இனத்துப் பெரியவர்கள் சொல்லியும், நட்சத்திரங்களைப் பார்க்கும் ஆசையில் படையின் அழைப்புக்கு அவனே சம்மதித்தவன். முந்தையவள் இறந்ததில் தன் சம்மதத்துக்கும் பங்குண்டு என்ற குற்றவுணர்வு அவனை உள்ளே தின்றுகொண்டிருந்தது. சுட்டவளும் சம்மதித்தவனும் அழுது தீர்த்த பிறகு, பலவந்தமாக ஒட்டப்பட்டிருந்த பிணைப்பு அறுபட்டு, மோயாவுக்கும் அவனுக்குமான இயல்பான பிணைப்பு புதிதாகத் தொடங்குகிறது. ஆக, யார் கையும் கறையில்லாமல் இல்லை. கறையில்லாத ஒருவரைத் தேடிப் பிடித்துத் தலைவராக்கும் வேலை எந்தக் கப்பலிலும் முடியாது.

இன்னொரு விசயம் எப்போதும் என் யோசனையில் இருக்கிறது. முதற்பருவத்தில் மோயாவைத் துரத்தும் படைத்தலைவன் கிரைஸாக நடித்தவர் லானி டுபு. பைலட்டுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. ஆணையிடும் உடலும் அடிபணியும் குரலும் ஒரே மனிதனிடமிருந்து வந்திருக்கின்றன. அந்தக் கிரைஸும் மூன்றாம் பருவத்தின் முடிவில், மோயாவின் பிள்ளையான டேலின் என்ற கப்பலோடு சேர்ந்து, மற்றவர்கள் தப்பவேண்டும் என்று தன்னை அழித்துக்கொள்கிறான். ஆணையிடப் பிறந்தவர்கள், சுமக்கப் பிறந்தவர்கள் என்று இரண்டு சாதி கிடையாது. ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

டூங்கபியில் உட்கார்ந்து இதைப் பேசுவதற்குத் தனிப் பொருள் உண்டு. இந்த ஊரே ஒரு கைதிகளின் பண்ணையில் தொடங்கியது. 1791இல் அரசு இங்கே ஓடைக்கரையில் ஒரு பண்ணையை அமைத்தது. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கப்பலில் நாடுகடத்தப்பட்ட நூற்றுக்கணக்கான கைதிகள் மரம் தறித்து, வேர் பிடுங்கி, நிலம் கொத்தினார்கள். அந்தப் பண்ணையின் மிச்சங்கள் ஓடையோரத்தில் மண்ணுக்குக் கீழே இன்றும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமாகக் கிடக்கின்றன.

1804 மார்ச் 4ஆம் திகதி இரவு, காசில் ஹில் பண்ணையில் இருந்த கைதிகள் கிளர்ந்தார்கள். முன்னின்றவர் பிலிப் கன்னிங்ஹாம். பெரும்பாலானவர்கள் ஐரிஷ்காரர், 1798இல் அயர்லாந்தில் நடந்த எழுச்சிக்காக நாடுகடத்தப்பட்ட பலர் அவர்களுக்குள் இருந்தார்கள். பரமட்டாவைப் பிடித்து, சிட்னிக்கு இறங்கி, துறைமுகத்தில் கப்பல் எடுத்து ஊருக்குப் போவது அவர்கள் திட்டம். எங்கள் வீடுகளுக்கு அருகிலுள்ள கொன்ஸ்டிடியூஷன் ஹில்லில் நின்று பரமட்டாவிலிருந்து வரவேண்டிய சைகைக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. மறுநாள் ரவுஸ் ஹில் பக்கமாக, பேச்சுவார்த்தை என்று சொல்லி நெருங்கிய மேஜர் ஜோர்ஜ் ஜோன்ஸ்டன், கன்னிங்ஹாமின் தலையில் கைத்துப்பாக்கியை வைத்தார். தலைவர்கள் பிடிபட்டதும் இருநூறுக்கு மேற்பட்ட கூட்டம் கொஞ்ச நேரத்தில் சிதறியது. கன்னிங்ஹாம் விசாரணையில்லாமல் தூக்கிலிடப்பட்டார். தங்களுக்குள்ளேயே ஒருவரும் பொறுப்பெடுக்கப் பழகாத கூட்டத்துக்குத் தலை போனால் உடல் நிற்காது என்று இதை வாசிக்கலாம். சேர் அப்படி வாசிக்க மாட்டார். நல்ல தலைவனைக் காப்பாற்றத் தவறினார்கள் என்பார். இரண்டிலும் உண்மை உண்டு.

ஆனால் அந்த வரலாற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. கைதிகள் மரம் தறித்த நிலம் ஆதிக்குடிகளான தாருக் மக்களின் நிலம். 1797 மார்ச்சில் டூங்கபிப் பண்ணையைத் தாக்கியவர் பிஜிகல் குலத்துப் பெமுல்வுய். பரமட்டாவில் நடந்த மோதலில் குண்டுகள் பாய்ந்து விழுந்தவர், காலில் விலங்கோடு தப்பிப்போனார். 1802இல் அவரைச் சுட்டுக் கொன்று, தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவருடைய மகன் டெட்பரி எதிர்ப்பைத் தொடர்ந்தார். இன்று பக்கத்தில் ஒரு புறநகருக்கே பெமுல்வுய் என்று பெயர். நாங்கள் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறோம்.

ஊர் பறிகொடுத்த ஐரிஷ் கைதியின் கோடரி, ஊர் பறிபோய்க்கொண்டிருந்த இன்னொருவரின் மரத்தில் விழுந்தது. கைதி தன் விருப்பத்தில் அங்கே வரவில்லை. கசையடிக்குப் பயந்து தறித்தார். அநியாயம் செய்யப்பட்டவர் அவர். அவருடைய துன்பம் தாருக் மக்களின் துன்பத்தில் ஒரு துளியையும் குறைக்கவில்லை. மோயாவில் ஏறி வந்த மூவரும் பைலட்டின் கையும் எனக்கு நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான். இருநூறு வருடத்துக்குப் பிறகு அதே நிலத்தில் வீடு வாங்கி, பின்வளவில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்திருக்கும் எங்களுக்கும் அந்தக் கேள்வியில் பங்கு இருக்கிறது. எங்களைத் தாங்கும் நிலம் யாருடையது என்பதை அறியாமல் எங்கள் நிலம் போனதைப் பற்றி மட்டும் பேசினால், பேச்சில் பாதி விடுபட்டுப் போகும்.

எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். தலைவர் யார் என்ற வழக்கில் எங்கள் தலைமுறை கரைந்தது. எந்த இயக்கம், எந்தக் கட்சி, எந்தப் பாதை என்று பேசிய பேச்சில் நட்புகள் முறிந்தன, உயிர்களும் போயின. அந்த வழக்குக்கு நியாயம் இருந்தது. அடக்கப்பட்ட இனத்துக்கு யார் வழிகாட்டுவது என்பது அற்பக் கேள்வி இல்லை. ஆனால் அந்தக் காலம் முழுவதும் சுமந்தவர்கள் யார்? வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்கப்பட்டபோது பிள்ளையைக் கொடுத்தவர்களும் கொடுக்க முடியாமல் ஒளித்து வைத்தவர்களும். 2009இல் அரச படைகளின் ஷெல் விழ விழ, முள்ளிவாய்க்கால் வரைக்கும் பங்கரிலிருந்து பங்கருக்கு நடந்த வன்னிச் சனம். அந்த மாதங்களில் சிட்னியிலும் மெல்பேணிலும் நாங்கள் தெருவில் நின்று குரல் கொடுத்தோம்; இரவெல்லாம் என்ன செய்யலாம் என்று கதைத்தோம். மனம் பதைக்கக் கதைத்தோம். இருந்தும் அந்தக் கதையில், கட்டிலில் கிடந்தவர்களின் வாய்ச்சொல் எங்களுக்கு எவ்வளவு எட்டியது? எட்டியதில் எவ்வளவை நாங்கள் எடுத்துக்கொண்டோம்?

இதைச் சொல்வது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. அநியாயம் செய்யப்பட்டவர்களுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. அதை எங்களுக்குள் பேசிக்கொள்ளவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தன் காயம் பெரிதாக இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் கையை வெட்டுவது வெட்டுவதாகவே தெரிவதில்லை. பயணத்தின் ஒரு பகுதியாகத் தெரிகிறது. துன்பம் மனிதரைத் தானாகவே நல்லவராக்கும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். துன்பம் கண்ணைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். எது நடக்கிறது என்பது, தனக்குக் கீழே இருப்பவரை ஒருவர் கேட்கிறாரா இல்லையா என்பதில் இருக்கிறது.

கப்டன் இல்லாமலே ஒரு பெரிய காரியம் நடந்ததையும் இந்தத் தொடரே காட்டியது. 2002 செப்டம்பரில் தொடரை நிறுத்துவதாக அறிவித்தார்கள். கதை அந்தரத்தில் நின்றது. கிரைட்டனும் ஏரினும் திருமணத்துக்கு மனமொத்த அதே கணத்தில் துகள்களாகச் சிதறுவதோடு கடைசி அத்தியாயம் முடிந்தது. உலகெங்கும் சிதறிக்கிடந்த ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள், காசு சேர்த்தார்கள், விளம்பரம் போட்டார்கள், தொலைக்காட்சி நிலையங்களை விடாமல் கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு தலைவர் இல்லை. ஆளுக்கு இயன்றதை ஆள் ஆள் சுமந்தார்கள். 2004 ஒக்டோபரில் கதையை முடித்துவைக்கும் குறுந்தொடர் வந்தது. அதில் டார்கோ இறந்துபோகிறான். பிறந்த குழந்தைக்குக் கிரைட்டனும் ஏரினும் அவன் பெயரையே வைக்கிறார்கள். ஒருகாலத்தில் பைலட்டின் கையை வெட்டியவன், கடைசியில் மற்றவர்கள் தப்புவதற்காகத் தான் பின்னால் நின்றான். சேரின் வேட்பாளரை நான் மதிப்பது இப்போது வாக்கெடுப்பில் வென்றதற்காக இல்லை, இந்தப் பயணத்துக்காக.

இப்படி வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டுபவர் வேண்டும். அதில் சேர் சொல்வது சரி. வழிகாட்டுபவர் எல்லாரையும் சேர்த்து யோசிக்கவேண்டும். அதில் பெடியன் சொல்வது சரி. கட்டளையை மறுக்கவும் தெரிந்தவராக இருக்கவேண்டும். அதில் அக்கா சொல்வது சரி. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை நிற்கிறது. எவருடைய முதுகில் ஏறி நாங்கள் பயணம் போகிறோமோ அவரிடம், போவோமா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எடுத்த முடிவு எவ்வளவு வீரமானதானாலும் அது கப்பலைப் பறித்தவர்களின் முடிவுதான். முன்பு மோயாவுக்குப் பட்டி மாட்டியவர்களிடமிருந்து அதை வேறுபடுத்திக் காட்ட ஒன்றும் இல்லை.

இந்த நிபந்தனை விண்வெளிக்கு மட்டும் உரியது இல்லை. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளியின் கதவைத் திறந்து கதிரை அடுக்குபவர்கள், கோயில் மடைப்பள்ளியில் இடுப்பொடிய நிற்பவர்கள், எங்களுக்கு மொழி வேண்டும் என்பதற்காக விளையாட்டை விட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகள், ஊரில் காணாமல் போனவர்களின் படத்தோடு இன்றும் வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்: எங்கள் பயணத்தைச் சுமப்பவர்கள் இவர்கள்தான். நிர்வாகக்குழுவின் மேசையில் இவர்களுக்கு இடம் இருக்கிறதா என்பதை வைத்தே ஒரு தலைமையை அளக்கிறேன். மேடையில் யார் நன்றாகப் பேசினார் என்பதை வைத்து அளந்த காலம் போதும்.

ஊருக்குப் போகும் ஆசை எனக்கும் குறையவில்லை. ஆனால் ஊர் என்பது வரைபடத்தில் இருக்கும் புள்ளி இல்லை என்று இப்போது தெரிகிறது. யாருடைய கையும் வெட்டப்படாமல், சுமப்பவரும் சுமக்கப்படுபவரும் ஒருவரையொருவர் கேட்டு முடிவெடுக்கும் இடம் எதுவோ, அங்கே ஊர் தொடங்கிவிடுகிறது. அப்படி ஒரு வாழ்க்கையைக் கப்பலில் இருக்கும்போதே பழகாதவர்கள், கரை சேர்ந்த பிறகு அதைக் கட்டி எழுப்ப மாட்டார்கள். ஆகவே கப்டன் யார் என்ற வழக்கை நாங்கள் தொடர்ந்து பேசுவோம், பேசத்தான் வேண்டும். பேசும் ஒவ்வொரு தடவையும் முதல் வார்த்தையைச் சுமப்பவருக்குக் கொடுத்துவிட்டுப் பேசுவோம்.